குமணன்சாவடியிலிருந்து வேலூர்க் கோட்டைக்கு
பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்



அரையாண்டுத் தேர்வு நெருங்கும் காலத்தில் உங்கள் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாள் வெளிவரும். 'கல்விச் சுற்றுலா' என்று அதன் தலைப்பில் இருக்கும். கட்டணம் இவ்வளவு, புறப்படும் நேரம் இன்னது, கையொப்பம் இடுக என்பதோடு அது முடிந்துவிடும். எங்கே போகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் நெடுஞ்சாலையோரத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் பெயர் அதில் காணப்படும். பிள்ளைகள் நீரில் ஆடிக் களித்துத் திரும்புவார்கள். ஆடட்டும், அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதற்குக் 'கல்வி' என்று ஏன் பெயர் சூட்ட வேண்டும்?

குமணன்சாவடி, கரையான்சாவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. சாவடி என்ற சொல்லின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடத்தையே முன்னோர் சாவடி என்றழைத்தனர். சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் நம் ஊர் அமைந்துள்ளது. இன்று அதன் நடுவே மெட்ரோ ரயில் பாதையின் தூண்கள் நிற்கின்றன. பேருந்துகளும் சரக்குந்துகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இதே திசையில்தான் ஆற்காடு இருக்கிறது; அதற்கப்பால் வேலூர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னகத்தின் தலைவிதியைத் தீர்மானித்த படைகள் சென்னைக்கும் அந்நகரங்களுக்கும் இடையேதான் போயும் வந்தும் கொண்டிருந்தன.

நாம் இங்கே முன்வைக்கும் யோசனை இதுவே: நம் பிள்ளைகளை ஒரு நாள் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. விடியற்காலையில் புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பத்து இடங்கள் வேண்டாம்

பள்ளிகள் செய்யும் பெரும் பிழை, ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டிவிட வேண்டும் என்னும் பேராசை. காஞ்சிபுரம், ஏலகிரி, அமிர்தி என்று பட்டியல் நீளும். பிள்ளைகளோ பேருந்தின் ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள். 'இறங்கு, ஏறு' என்ற இரண்டு சொற்களே அன்றைய பாடமாக முடியும். ஒரு நாளுக்கு ஒரு கதை போதும். ஊர்கள் இரண்டாக இருந்தாலும் கதை ஒன்றாக இருக்கட்டும்.

அந்தக் கதையை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தினர். வடஇந்தியாவின் 1857ஆம் ஆண்டுப் பெரும் புரட்சிக்கு 51 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இது பாடமாகவே இருக்கிறது. தேர்வுக்காக மனனம் செய்து மறுநாள் மறந்துவிடும் பிள்ளைகளிடம், அது நடந்த இடத்தையே காட்ட முடியும் என்றால் அந்த வாய்ப்பை நழுவ விடலாமா?

புறப்படுமுன்

சுற்றுலாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். கல்வித் துறை அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம், பேருந்தின் உரிமமும் காப்பீடும் ஆகியவை பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. பெற்றோர்களாகிய நீங்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்: ஓட்டுநர் முதல் நாள் இரவு உறங்கியவரா, அல்லது திருமணச் சவாரி முடித்து நேரே வருகிறவரா என்பதை. இதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைத் தவிர்த்திடுக. ஜும்ஆத் தொழுகை ஒரு காரணம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திற்கு அன்று விடுமுறை என்பது மற்றொரு காரணம். இரண்டாம் சனிக்கிழமையும் அங்கே விடுமுறையே. சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூரின் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோட்டையின் கருங்கல் தரையில் சிறு பாதங்கள் பொரிந்துவிடும். மார்கழியும் தையுமே ஏற்ற காலம்.

தொழுகைக்கான ஏற்பாட்டை முன்னரே செய்து கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் பழைய பள்ளிவாசல் ஒன்று உண்டு. ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்பள்ளியில் தொழுகை நடைபெறுவதில்லை. ஆகவே நகருக்குள் இருக்கும் பள்ளிவாசல்களில் ஒன்றன் நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே பேசி, மாணவியர் தொழுவதற்கும் ஒளூச் செய்வதற்கும் தனி இடம் கேட்டு வையுங்கள். பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்குவது, சேர்த்துத் தொழுவது பற்றிய சட்டங்களில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஒரே பேருந்தில் இருவகைப் பிள்ளைகளும் இருப்பார்கள். உங்கள் மஹல்லா இமாமிடம் முதல் வாரமே கேட்டுத் தெளிந்து கொண்டால், வழியில் நின்று விவாதிக்க நேராது.

இனி, சொல்லத் தயங்கும் இரண்டு செய்திகள்.

முதலாவது கட்டணம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நான்கைந்து பேர் 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று கூறி நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வீட்டில் பணம் இல்லை. வசதியுள்ள பெற்றோர் சிலர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் ஒரு தொகையை ஒப்படைத்து, யாருக்கு என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பதன் சிறப்பை நம் மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

இரண்டாவது பெண் பிள்ளைகள். மகன் கேட்டால் 'போய் வா' என்கிறோம். மகள் கேட்டால் 'எதற்கு வீண் வேலை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்கிறோம். அடுத்த ஆண்டும் அதே பதில்தான். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அச்சம் நியாயமானதே, அதற்குரிய தீர்வு மகளை நிறுத்துவதுதானா? போதிய ஆசிரியைகள் உடன் வரட்டும். தாய்மார்கள் இருவர் மூவர் சேர்ந்து செல்லட்டும். ஒரு நாள் பயணம். இரவுத் தங்கல் இல்லை. வேலூரில் 1745ஆம் ஆண்டில் பிறந்த பேரறிஞர் மௌலானா பாகர் ஆகாஹ் அவர்கள் அரபியிலும் பார்சியிலும் புலமை மிக்கவர். அக்காலத்து அறிஞருலகின் மொழி பார்சி. அவரோ பெண்களும் படித்தறிய வேண்டும் என்று தக்கினி உருதுவில் நூல்கள் இயற்றினார். அத்தகையவர் பிறந்த ஊருக்கு நம் மகள்களை அனுப்ப நாம் தயங்குகிறோம்!

ஆற்காட்டில் ஒரு வாயில்

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஆறு மணியளவில் புறப்படுவோம். பேருந்து புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முதல் பாடத்தைத் தொடங்கலாம். பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா சுல்தானிய ஆட்சிக் காலத்தில், 1653ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. நம் வீட்டுக்கு அருகிலேயே முந்நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த வரலாறு நிற்பதைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? கேட்டுப் பாருங்கள்.

திருப்பெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் பக்கம் நெருங்குகையில், சாலையிலிருந்து விலகியுள்ள புள்ளலூரைப் பற்றிச் சொல்லுங்கள். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் அங்கே ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அப்போரில் பாய்ந்தன. அறிவியல் ஆசிரியரும் உடன் வந்தால் ராக்கெட்டின் இயக்கத்தை அந்த இடத்திலேயே விளக்கலாம். இறங்க வேண்டாம், நேரம் போதாது.

எட்டரை மணிக்குள் ஆற்காடு வந்துவிடும். புறவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பிப் பாலாற்றங்கரைக்குச் சென்றால் 'டெல்லி கேட்' எனப்படும் வாயில் தனித்து நிற்பதைக் காணலாம். கர்நாடக நவாபுகளின் தலைநகர் இது. செஞ்சியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றியவர் நவாப் சஆதத்துல்லா கான். அக்கோட்டையில் எஞ்சியிருப்பதில் கண்ணுக்குத் தென்படும் முக்கியமான சின்னம் இவ்வாயிலே. ஏமாற்றத்துடன் 'இவ்வளவுதானா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

1751ஆம் ஆண்டில் சந்தா சாஹிபும் அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களும் திருச்சிராப்பள்ளியில் முஹம்மது அலி வாலாஜாவை முற்றுகையிட்டிருந்தனர். அந்த முற்றுகையைத் தளர்த்துவதற்காக, சென்னையிலிருந்து சுமார் 200 ஐரோப்பியர்களோடும் 300 சிப்பாய்களோடும் புறப்பட்ட இராபர்ட் கிளைவ், காவலற்றிருந்த ஆற்காட்டைக் கைப்பற்றினார். சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிப் வந்து சூழ்ந்து கொண்டார். ஏறத்தாழ 50 நாள் முற்றுகை நீடித்து, தோல்வியில் முடிந்தது. வாலாஜா அரியணையைக் காத்துக் கொண்டார். ஆனால் அதற்கான விலையைக் கடனாகவும் நிலமாகவும் கம்பெனிக்குச் செலுத்திக் கொண்டே இருந்தார். 1801ஆம் ஆண்டில் கர்நாடகம் முழுவதுமே கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் சென்றது. இருவர் சண்டையில் மூன்றாமவர் வீட்டுக்கு உடையவரான கதை இது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலையும் சேப்பாக்கம் மாளிகையையும் கட்டிய அதே வாலாஜாதான் என்று சொன்னால், சென்னைப் பிள்ளைகளுக்கு அவர் உடனே அறிமுகமாகிவிடுவார்.

ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. ஹைதர் அலி தம்பதியர் தம் மகனுக்கு அப்பெரியாரின் பெயரைச் சூட்டினர் என்பது வரலாறு. மைசூர்ப் புலியின் பெயர் நம் தமிழ் மண்ணிலிருந்து போயிற்று! தர்கா ஜியாரத் பற்றிச் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் இருப்பதை நாம் அறிவோம். பயண ஏற்பாட்டாளர்கள் பெற்றோரைக் கலந்து முடிவு செய்து கொள்ளட்டும். பெயரின் வரலாற்றைச் சொல்வதற்கு யாரும் மறுப்புத் தெரிவிக்கப் போவதில்லை.

ஆற்காட்டு மக்கன் பேடாவையும் பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வரலாற்றைத் தின்றும் நினைவில் வைக்கலாம்.

குதிரைகள் ஓடிய வழி

ஆற்காட்டிலிருந்து வேலூர் 25 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இந்தத் தூரத்தைப் பேருந்து கடக்கும்போது பிள்ளைகள் உறங்கிவிடக் கூடாது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள். 1806இல் வேலூர்க் கோட்டை சிப்பாய்களின் கைக்குப் போன செய்தி ஆற்காட்டுக்குத்தான் பறந்தது. அங்கே பாளையமிட்டிருந்த குதிரைப்படையுடன் கர்னல் கில்லெஸ்பி இதே திசையில் விரைந்தார். காலை ஒன்பது மணியளவில் கோட்டை வாயிலை அடைந்துவிட்டார். அந்த 25 கிலோமீட்டர் இன்னும் சற்று நீண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? புவியியலும் வரலாறும் எங்கே கைகோக்கின்றன என்பது அப்போது பிள்ளைகளுக்கே விளங்கும்.

வேலூர்க் கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்களால் கட்டப்பட்டது. பின்னர் பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபின் உறவினர், கம்பெனியார் என்று கைமாறிக் கொண்டே வந்தது. அகன்ற அகழியும் இரட்டை மதிலும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. உள்ளே சலகண்டேசுவரர் ஆலயம், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உள்ளன. அகழியின் ஓரத்தில் பிள்ளைகளைக் கூட்டமாக நிற்க விடாதீர்கள். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்னும் கணக்கு இங்கே கண்டிப்பாகத் தேவை.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானதும், அவருடைய மக்களும் குடும்பத்துப் பெண்களும் இக்கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். திப்பு மஹால், ஹைதர் மஹால் என்னும் பெயர்கள் அதனால் வந்தவை. இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் பிற்காலத்தில் இங்கே சிறைப்பட்டு, 1832இல் வேலூரிலேயே மறைந்தார். அரச குலங்கள் இரண்டு கடைசி மூச்சை எண்ணிக் கொண்டிருந்த கோட்டை இது.

புரட்சிக்கு உடனடிக் காரணம் ஓர் ஆணை. 1805 நவம்பரில் படையினரின் உடை குறித்துப் புதிய விதிகள் பிறந்தன. இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி அணியக் கூடாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும். அனைவரும் தோல் சின்னம் பதித்த, ஐரோப்பியத் தொப்பியை ஒத்த தலைப்பாகையை அணிய வேண்டும். எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. நெற்றிக் குறிக்காக ஒருவனும் தாடிக்காக ஒருவனும் ஒரே அணியில் நின்ற நாள் ஜூலை 10. ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் ஹுசைன், ஷேக் காசிம் ஆகியோரின் பெயர்கள் பாடநூலிலேயே உள்ளன. அதற்கு முதல் நாள் மஹாலில் திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் நடந்தது. விடியற்காலையில் மைசூரின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. ஆங்கிலேயர் தரப்பில் 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவின் 115 வீரர்களும் மாண்டனர்.

கில்லெஸ்பி வந்த பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மஹாலில் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று மடிந்த சிப்பாய்களின் எண்ணிக்கையை 350 என்பாரும் 800 என்பாரும் உளர். பின்னர் விசாரணை நடத்தி ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கொடுமைகளின் விவரம் வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்கு வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு முறை

கோட்டைக்குள் சென்றதும் ஆசிரியர் ஒருவர் உரத்த குரலில் அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றுவார். பின்வரிசைப் பிள்ளைகள் குரங்குகளை வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு மாற்றாக ஒன்று செய்யலாம். புறப்படுமுன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒருவன் காவல் மாறும் சிப்பாய். ஒருவன் ஆற்காட்டிலிருந்து விரையும் குதிரை வீரன். ஒருத்தி மஹாலின் சாளரத்துக்குப் பின்னே நிற்கும் மணப்பெண். ஒருவர் உணவு சமைப்பவர். அன்றிரவு அவர் எங்கே நின்றிருப்பார், எதைக் கேட்டிருப்பார், எவ்வழியே தப்பியிருப்பார் என்பதைக் கோட்டைக்குள் நடந்து பார்த்துத் தாமே எழுத வேண்டும். செல்பேசிக்கு அன்று விடுமுறை. ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும்.

பிற்பகல் உணவுக்குப் பின், கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் திப்பு குடும்பத்தார் அடக்கத்தலத்துக்குச் செல்லுங்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், 1834இல் மறைந்த திப்புவின் மனைவி பாதுஷா பேகம் ஆகியோர் அங்கே துயில்கின்றனர். பிள்ளைகள் ஸலாம் சொல்லி, துஆச் செய்து நிற்கட்டும். வேலூர் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கான நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10இல் அங்கே மலரஞ்சலி செலுத்துகின்றனர். அதையும் பார்த்துவிட்டு, அஸர் தொழுது நான்கு மணிக்குப் புறப்பட்டால் போதும். தமிழகத்தின் தொன்மையான அரபிக் கல்லூரிகளுள் ஒன்றாகிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் வேலூரில்தான் இருக்கிறது. உங்கள் மஹல்லா இமாம் அங்கே ஓதியவராக இருந்தால் அவரையே வழிகாட்டியாக அழைத்துச் செல்லலாம்.

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு கேள்வியைப் போடுங்கள். முஸ்தஃபா பேக் என்றொரு சிப்பாய் இருந்தான். புரட்சிக்கு முன்னரே சதி நடப்பதாக ஆங்கில அதிகாரியிடம் சென்று அறிவித்தான். அவர்கள் நம்பாமல் அவனைப் பைத்தியக்காரன் என்று அடைத்து வைத்தனர். எல்லாம் முடிந்த பின் 2,000 வராகன் பரிசும் சுபேதாரின் ஓய்வூதியமும் அவனுக்கு வழங்கினர். அவன் துரோகியா? உண்ட உப்புக்கு உண்மையாய் இருந்தவனா? பேருந்து இரண்டாகப் பிரிந்து வாதிடும், உறங்கியவர்களும் எழுந்துவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் இதற்கு வாக்கெடுப்பு நடத்துங்கள். ஆசிரியர் தம் வாக்கைச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வாக்குக்கான காரணத்தை அரைப் பக்கம் எழுதித் தரட்டும். அந்தத் தாள்களைப் பெற்றோர்களாகிய நீங்களும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.